தாரா, ஜிம்னியா? இஞ்ச் டேப் சொன்ன தீர்ப்பு

ரெண்டு வருஷமா எங்க வீட்டுல நடந்த பட்டிமன்றம் போன மாசம்தான் முடிவுக்கு வந்துச்சு. தலைப்பு: தினம் ஆபீஸ் போகவும் மலை ஏறவும் ஒரே வண்டிதான் வாங்க முடியும்னா எதை வாங்கறது? ஒரு அணியில தங்கமணி, பையன், ஆபீஸ் நண்பர்கள், தெருமுனை டயர் கடைக்காரர். இன்னொரு அணியில நான் மட்டும். நடுவர் எங்க அப்பா. அவரோ தாண்டிக்குடி மலையில உக்காந்துக்கிட்டு, "எதையோ ஒண்ணை வாங்கித் தொலைடா, ஆனா வந்து சேர்ற மாதிரி வாங்கு"ன்னு ஒரே வரியில தீர்ப்பை ஒத்தி வச்சுட்டார்.

டிஸ்கி: எந்தக் கம்பெனியும் எனக்குக் காசு கொடுக்கலை. கொடுத்தா மறுக்கற அளவுக்கு நல்லவனும் இல்லை :) கீழே இருக்கறது எல்லாம் என் சொந்தக் காசு போட்டு, சொந்த முதுகை ஆட்டிப் பார்த்துச் சொல்ற அபிப்பிராயம்.

முதல்ல என் கணக்கைச் சொல்லிடறேன். வேளச்சேரியில வீடு, சோழிங்கநல்லூர்ல ஆபீஸ். போக வர முப்பது கிலோமீட்டர்னு வச்சுக்குங்க. வருஷத்துக்கு ஏழாயிரம் கிலோமீட்டர் இதுலயே போயிடும், முக்கால்வாசி ரெண்டாவது கியர்ல. அப்புறம் வருஷத்துக்கு ஆறு தடவை ஊருக்கு. சென்னையிலேர்ந்து திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியா தாண்டிக்குடி, ஐநூறு கிலோமீட்டர் கிட்ட. போக வர ஆயிரம், ஆறு தடவைக்கு ஆறாயிரம். ஆக மொத்தம் பதிமூணாயிரம். இதுல தோட்டத்துக்குப் போற மண் பாதை எவ்வளவு? மூணே மூணு கிலோமீட்டர். உள்ளே அங்க இங்க சுத்தறதை எல்லாம் சேர்த்தாலும் வருஷத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் தாண்டாது. நூத்துக்கு அரை கூட இல்லை.

இந்த அரைக்காக யாராவது ஃபோர் பை ஃபோர் வாங்குவாங்களா? நியாயமான கேள்வி. தங்கமணி கேட்டதும் அதேதான். "நல்லதா ஒரு கார் வாங்குங்க, கீழே நிறுத்திட்டு ஜீப்புல போங்க. மிச்சமாகிற காசுல எத்தனை ஜீப் வாடகை கொடுக்கலாம்?" பட்டிமன்றத்துலயே பலமான வாதம் இதுதான். இப்பவும் சொல்றேன், உங்கள்ல பத்துல எட்டுப் பேருக்கு இதுதான் சரியான பதில். அதை விட்டுட்டுப் படத்துல பாறை மேல ஏறி நிக்கற வண்டியைப் பார்த்து பன்னெண்டு லட்சம், பதினஞ்சு லட்சம் போடாதீங்க.

ஆனா எனக்கு அந்தப் பதில் ஒத்து வராமப் போனதுக்கு ஒரு ராத்திரி காரணம்.

2021 நவம்பர். வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கின வருஷம், ஞாபகம் இருக்கும். தோட்டத்துல அப்பாவுக்கு மூச்சுத் திணறல். நான் அப்போ தற்செயலா ஊர்லதான் இருந்தேன், என் சின்னக் காரோட. கார் பாதையோட முதல் திருப்பத்துலயே சேத்துல உக்காந்துடுச்சு. ராத்திரி பத்தரை மணி, கொட்டற மழை. ஊர்ல ஜீப் வச்சிருந்த ஒரு அண்ணனுக்குப் போன் பண்ணினேன். காபி மூட்டையும் மிளகும் ஏத்தி இறக்கறவர், சந்தை நாள்ல பன்னெண்டு பேரை ஏத்திக்கிட்டுப் போறவர். இருபது நிமிஷத்துல வந்தார்.

வந்ததும் வண்டியை விட்டு இறங்கி டார்ச்சை எடுத்துக்கிட்டு நடக்க ஆரம்பிச்சார். எனக்கோ பதட்டம். "அண்ணே, நேரம் ஆவுதுண்ணே"ன்னேன். "முதல்ல நடந்து பாக்கணும் தம்பி. கால் நிக்காத எடத்துல டயர் எப்படி நிக்கும்"னுட்டு நிதானமா அந்த மோசமான இறக்கம் முழுக்க நடந்து பார்த்துட்டு வந்தார். அப்புறம் கியருக்குப் பக்கத்துல இருந்த சின்னக் கம்பியைப் பின்னாடி இழுத்தார். லோ ரேஞ்ச். முதல் கியர். ரெண்டு காலையும் பெடல்லேர்ந்து எடுத்துட்டார். வண்டி ஒரு கிழட்டு யானை மாதிரி, மாடு நடக்கற வேகத்தைவிடக் கம்மியா, உறுமிக்கிட்டே இறங்குது. "பிரேக்கு போட்டா வழுக்கும் தம்பி. இஞ்சினே பிடிச்சுக்கும்." அப்பா முன் சீட்டுல, அம்மா பின்னாடி அப்பா தோளைப் பிடிச்சுக்கிட்டு. நான் ஜீப்போட பின் கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு வந்தேன். வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒண்ணு. அப்பா பிழைச்சுட்டார். இப்பவும் அந்த மலையை விட்டு இறங்க மாட்டேன்கிறார். அது வேற கதை.

அந்த அண்ணன் 2024ல ஜீப்பை வித்துட்டு மகனோட திருப்பூர் போயிட்டார். அதோட தங்கமணியோட வாதம் பாதி செத்துப் போச்சு. மீதிப் பாதி, "அப்போ பெரிய வண்டியா வாங்குங்க"ன்னு உருமாறிடுச்சு.

இப்போ வண்டிகளுக்கு வருவோம்.

இந்தியாவுல இருபது லட்சத்துக்குள்ள, கடைக்குப் போய் வாங்கக்கூடிய, நிஜமான லோ ரேஞ்ச் உள்ள வண்டிகள்னு பார்த்தா பெருசா சாய்ஸ் கிடையாது. மஹிந்திரா தார், மாருதி சுசுகி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா. தாரோட அண்ணன் ராக்ஸ் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு. இவ்வளவுதான் என் பட்டியல்.

'நிஜமான லோ ரேஞ்ச்'னு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பார்க்க ஜீப் மாதிரி இருக்கறது எல்லாம் ஜீப் கிடையாது. தார்லயே பாருங்க. 2020 அக்டோபர்ல வந்தது ஃபோர் பை ஃபோர் மட்டும். 2023 ஜனவரியில பின்சக்கர ஓட்டம் மட்டும் உள்ள தார் வந்துச்சு, ஆரம்ப விலை 9.99 லட்சம்னு. எப்படி அவ்வளவு சல்லிசா? முன்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோற ஷாஃப்டும் இல்லை, லோ ரேஞ்சும் இல்லை, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வரி. நாலு மீட்டருக்குள்ள நீளம், 1500 சிசிக்கு மேல போகாத டீசல் இஞ்சின் இருந்தா சின்னக் கார் வரி. அந்த வண்டிக்கு 1.5 லிட்டர் டீசலைப் போட்டதுக்கு அதுதான் சூட்சுமம். 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி மாறினப்போ சின்னக் கார்களுக்கு 18 சதவீதம், மத்ததுக்கு 40 சதவீதம்னு ஆச்சு. இடைவெளி இன்னும் பெருசாயிடுச்சு. பாவம் ஜிம்னி, நீளம் நாலு மீட்டருக்குள்ள இருந்தும் 1.5 லிட்டர் பெட்ரோல் இஞ்சின்ங்கறதால 40ல மாட்டிக்கிச்சு. பெட்ரோலுக்கு எல்லை 1200 சிசி.

பின்சக்கர ஓட்ட வண்டி வாங்கறது தப்புன்னு சொல்லலை. உயரமா உக்காரலாம், மழைக்குப் பள்ளம் ஆன ரோட்டுல கவலையில்லாம ஏத்தலாம், பார்க்கவும் கம்பீரம். ஆனா ஈரமான புல்லு மேல அதுவும் மத்த கார் மாதிரிதான். என் நண்பர் ஒருத்தர் அப்படி ஒரு 'ஜீப் மாதிரி' வண்டியை ஏரிக்குள்ள இறக்கிட்டு, டிராக்டர் வர மூணு மணி நேரம் காத்துக்கிட்டிருந்தார். டிராக்டர்காரர் வண்டியைச் சுத்தி வந்து பார்த்துட்டுச் சொன்னாராம், "என்னங்க சார், பார்த்தா ஏறி வந்துடும்னு நெனச்சேன்."

சரி, தார் ஃபோர் பை ஃபோர். உண்மையைச் சொல்லணும்னா, ஓட்டிப் பார்த்த அன்னிக்கு மனசு அதுகிட்டதான் போச்சு. 2 லிட்டர் டர்போ பெட்ரோல் 150 குதிரைத்திறன், 2.2 டீசல் 130. 226 மிமீ தரை இடைவெளி. முன்னாடி 41.8 டிகிரி அணுகு கோணம், அதாவது அவ்வளவு சரிவான மேட்டுல பம்பர் இடிக்காம மூக்கை வைக்கலாம். 650 மிமீ ஆழத் தண்ணியில இறங்கலாம். 2020ல குளோபல் என்கேப் சோதனையில நாலு நட்சத்திரம். திண்டிவனம் தாண்டினா ஒரு மிதி, லாரியைத் தாண்டிப் போயிட்டே இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தை லேசா எடுத்துக்காதீங்க. வருஷத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் ஹைவே ஓட்டறவனுக்கு அது பெரிய விஷயம்.

ஆனா மூணு கதவு. பின் சீட்டுக்குப் போகணும்னா முன் சீட்டைச் சாய்ச்சு, காலைத் தூக்கி வச்சு, உடம்பை மடிச்சு உள்ளே நுழையணும். அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் ஆபரேஷன் ஆனது. ஷோரூம்ல நான் நுழைஞ்சு பார்த்தேன், எனக்கே மூச்சு வாங்கிச்சு. அந்த ராத்திரியை மனசுல வச்சுக்கிட்டுத்தான் வண்டி பார்க்கறோம், அம்மா ஏற முடியாத வண்டி எதுக்கு?

அதுக்குத்தான் ராக்ஸ் இருக்கேன்னு பையன். அஞ்சு கதவு, அஞ்சு சீட்டு, 2024ல பாரத் என்கேப்ல அஞ்சு நட்சத்திரம். எல்லாம் சரி. குடும்பத்தோட ஹைவே போறதுக்கு இந்தப் பட்டியல்லயே அதுதான் நல்ல வண்டி, சந்தேகமே இல்லை. ஆனா வந்தப்போ அதுல ஃபோர் பை ஃபோர் டீசல்ல மட்டும்தான். நீளம் 4428 மிமீ, அகலம் 1870 மிமீ. இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வருது.

கூர்க்கா பத்திச் சுருக்கமா. மூணுலயும் மலைக்குப் பொறந்தது அதுதான். முன், பின் ரெண்டு அச்சுக்கும் கம்பெனியிலேயே டிஃபரென்ஷியல் லாக், கூரை வரைக்கும் மூக்குக் குழாய், 700 மிமீ தண்ணி, 2024லேர்ந்து அஞ்சு கதவும் 140 குதிரைத்திறனும். அந்த லாக் என்ன பெரிய விஷயம்னு கேக்கறவங்களுக்கு: சாதாரண டிஃபரென்ஷியல் சோம்பேறி மாதிரி, சுலபமா சுத்தற சக்கரத்துக்கே சக்தியை அனுப்பும். ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்கினா அது மட்டும் காத்துல சுத்திக்கிட்டே இருக்கும், மண்ணுல இருக்கறது சும்மா நிக்கும். லாக் போட்டா ரெண்டும் சேர்ந்து சுத்தியே ஆகணும். தார்ல பின் அச்சுக்குத் தானா பூட்டிக்கிற ஏற்பாடு வச்சாங்க. ஜிம்னியில லாக் இல்லை, சுத்தற சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு அடுத்ததுக்குச் சக்தியைத் தள்ளுற வேலையைக் கம்ப்யூட்டர் செய்யுது. கூர்க்கா காட்டுல ராஜா. ஆனா தினம் சோழிங்கநல்லூர் போக, ஆட்டோமேட்டிக் இல்லாம, ரெண்டு மீட்டருக்கு மேல உயரமா, அந்தக் கிளட்ச்சோட... இடது முட்டிக்கும் தனியா ஆபரேஷன் காசு எடுத்து வைக்கணும். விட்டுட்டேன்.

ஜிம்னி. 2023 ஜூன்ல அஞ்சு கதவோட நம்ம ஊருக்கு வந்துச்சு. வந்தப்போ ஆளாளுக்குக் கலாய்ச்சாங்க. 'பொம்மைக் கார்', 'இந்த விலைக்கு இதுவா'. இங்க சீந்துவாரில்லாம கிடந்த அதே வண்டியை, குருகிராம்ல செஞ்சு கப்பல் ஏத்தி ஜப்பானுக்கு அனுப்பினாங்க. 2025 ஜனவரி கடைசியில ஜிம்னி நோமேட்னு பேரு வச்சு அங்க அறிமுகம். நாலே நாள்ல ஐம்பதாயிரம் ஆர்டர் வந்து, புக்கிங்கையே நிறுத்த வேண்டியதாப் போச்சு. 1970லேர்ந்து ஜிம்னி ஓட்டற ஊர் அது, சின்ன வண்டியோட அருமை அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குத் தெரியாததும் இல்லை. 1985லேர்ந்து ராணுவமும் போலீசும் வனத்துறையும் ஓட்டித் தேய்ச்ச ஜிப்ஸி இதோட பெரியப்பா பையன்தானே.

குறைகளை முதல்லயே கொட்டிடறேன், அப்புறம் சொல்லலைன்னு சொல்லக் கூடாது. 105 குதிரைத்திறன், 134 நியூட்டன் மீட்டர். ஏசி போட்டு நாலு பேர் உக்காந்தா, மேடு ஏறும்போது வண்டி கெஞ்சும். ஆட்டோமேட்டிக்ல நாலே கியர், இந்தக் காலத்துல! சீட்டு நாலுதான், அஞ்சாவது ஆளை ஏத்த முடியாது. டிக்கி 208 லிட்டர், ரெண்டு சூட்கேஸ் வச்சா முடிஞ்சது, ஊர்லேர்ந்து மலைவாழைத் தார் கொண்டுவரணும்னா பின் சீட்டை மடிக்கணும். முன்னும் பின்னும் ஒரே தண்டு அச்சு. மலையில ஒரு சக்கரம் பாறை மேல ஏறினா அடுத்ததை அதே அச்சு கீழே அமுக்கும், அதனால மண்ணை விடாது. ஆனா ஹைவேல நூறைத் தாண்டினா ஸ்டியரிங் கொஞ்சம் மிதக்கற மாதிரி இருக்கும், குறுக்குக் காத்து அடிச்சா தெரியும். பாதுகாப்புல, மூணு கதவு ஜிம்னிக்கு 2018ல யூரோ என்கேப் கொடுத்தது மூணு நட்சத்திரம்தான். இங்க ஆறு ஏர்பேக் கொடுக்கறாங்க, இருந்தாலும் என்னை யோசிக்க வச்ச விஷயம் இதுதான். இன்னமும் யோசிக்க வைக்குது. ஹைவேல 90க்கு மேல போறதில்லைன்னு வீட்டுல சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்.

அப்புறம் தண்ணி. வேளச்சேரிக்காரனுக்கு இது கேலி இல்லை. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் ரெண்டையும் பார்த்தவன். தார், கூர்க்கா ரெண்டும் இதுல ஜிம்னியைவிட ரொம்ப மேல. ஆனா மிக்ஜாம் அன்னிக்கு எங்க தெருவுல நின்ன தண்ணி எந்த வண்டிக்கும் அடங்கற தண்ணி இல்லை. காத்து இழுக்கற குழாய் வழியா இஞ்சினுக்குள்ள தண்ணி போச்சுன்னா பிஸ்டன் தண்ணியை அமுக்கப் பார்க்கும், தண்ணி அமுங்காது, உள்ளே கம்பி வளையும். அதுக்கு லட்சத்துல பில். மழை எச்சரிக்கை வந்தா வேளச்சேரிக்காரங்க எல்லாம் செய்யறதைத்தான் நானும் செய்வேன், மேம்பாலத்துல கொண்டுபோய் நிறுத்திட்டு வீட்டுக்கு நடந்து வந்துடுவேன்.

இவ்வளவு குறையும் சொல்லிட்டு ஏன் ஜிம்னி?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ ஒரு காரியம் பண்ணினேன். தச்சு வேலைக்கு வச்சிருந்த இஞ்ச் டேப்பை எடுத்துக்கிட்டு, அந்த மூணு கிலோமீட்டரையும் நடந்தேன். ஜீப் அண்ணன் சொன்னதுதான், முதல்ல நடந்து பாக்கணும். பாதையில ரெண்டு இடம்தான் நிஜமான சிக்கல். ஒண்ணு, வழுக்கற செம்மண் இறக்கம். அதுக்கு லோ ரேஞ்ச் போதும், மூணு வண்டியுமே செய்யும். இன்னொண்ணு, ஒரு பக்கம் வீட்டு உசரப் பாறை, மறுபக்கம் காபிச் செடிச் சரிவு, நடுவுல ஒரு திருப்பம். பாறையிலேர்ந்து விளிம்பு வரைக்கும் அளந்தேன். ரெண்டு மீட்டர் பத்து சென்டி. விளிம்புல ஒரு சாண் மண் பொலபொலன்னு இருக்கு, அதை நம்ப முடியாது. கழிச்சா ஒரு மீட்டர் தொண்ணூறு.

தார் அகலம் 1820 மிமீ. பக்கத்துக்கு நாலு சென்டி. கண்ணாடியை மடிச்சாலும் ராத்திரி மழையில அப்பாவை வச்சுக்கிட்டு அந்த நாலு சென்டியை நான் நம்பணும். ராக்ஸ் 1870. நினைக்கவே வேண்டாம், அதுவும் அந்த நீளத்துக்கு அந்தத் திருப்பத்துல ஒரே வெட்டுல திரும்பாது. ஜிம்னி 1645. பக்கத்துக்குப் பன்னெண்டு சென்டிக்கு மேல. அந்தப் பழைய ஜீப் எப்படி அவ்வளவு அலட்சியமா திரும்பிச்சுன்னு அப்பதான் புரிஞ்சது. அந்தப் பாதையே ஜீப் அகலத்துக்கு ஏத்த மாதிரி வெட்டின பாதை. நம்ம மலையில தோட்டப் பாதைகள் பெரும்பாலும் அப்படித்தான்.

வேடிக்கை என்னன்னா, அதே டேப் சென்னையிலயும் அதே தீர்ப்பைச் சொல்லிச்சு. எங்க அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல என் இடம் ரெண்டு தூணுக்கு நடுவுல. பெரிய வண்டியை உள்ளே விட்டா கதவைத் திறந்து வெளிய வர வழியில்லை, டிக்கி வழியாத்தான் இறங்கணும். டான்சி நகர் சந்துல எதிர்ல தண்ணி லாரி வந்தா ஒதுங்கறதுக்கும் அந்தப் பதினேழு சென்டி உதவும். மலைக்கு ஏத்த வண்டி வேற, ஊருக்கு ஏத்த வண்டி வேறன்னு எல்லாரும் பேசறாங்க. என் அனுபவத்துல ரெண்டு இடத்துலயும் கழுத்தை நெரிக்கறது அகலம்தான். ஆனா வண்டி வாங்கப் போறவங்க யாரும் அகலத்தைக் கேக்கறதே இல்லை. குதிரைத்திறன் எவ்வளவு, ஸ்க்ரீன் எத்தனை இஞ்ச், சன்ரூஃப் இருக்கா.

எடையும் அப்படித்தான். ஜிம்னி 1200 கிலோ சொச்சம், தார் ஃபோர் பை ஃபோர் அதைவிட அரை டன் கிட்ட அதிகம். சேத்துல அரை டன் கம்மியா புதையும். புதைஞ்சாலும் தோட்டத்து ஆளுங்க நாலு பேர் சேர்ந்து தள்ளினா நகரும்.

டெஸ்ட் டிரைவ் கூத்தையும் சொல்லிடணும். ஒரு ஷோரூம்ல (எந்தக் கம்பெனின்னு வேண்டாம்) விற்பனைத் தம்பிகிட்ட, "4எல் போட்டுக் காட்டுங்க"ன்னேன். தம்பி வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போதே கம்பியைப் பிடிச்சு மல்லுக்கட்டினார். வண்டியை நிறுத்தி, நியூட்ரல் போட்டுட்டுத்தான் மாத்தணும்னு நான் சொல்ல வேண்டியதாப் போச்சு. அப்புறம் அதே தம்பி, "மழை பெஞ்சா 4எச்ல போட்டு ஓட்டுங்க சார், கிரிப்பா இருக்கும்"னு காய்ஞ்ச தார் ரோட்டுல போட்டே காட்டினார். தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. இந்த மாதிரி வண்டிகள்ல முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல வித்தியாசத்தை விழுங்கற டிஃபரென்ஷியல் கிடையாது. திருப்பத்துல முன்சக்கரம் கூடத் தூரம் ஓடணும். மண்ணுல சக்கரம் லேசா வழுக்கிச் சரி பண்ணிக்கும். காய்ஞ்ச ரோட்டுல வழுக்காது, முறுக்கு எல்லாம் கியர்ப் பெட்டிக்குள்ள ஏறும். ஸ்டியரிங் இறுகறது கையிலயே தெரியும்.

கடைசியா ஒண்ணு, இது வண்டியைப் பத்தி இல்லை, ஓட்டறவங்களைப் பத்தி. 'டிரெயில்'னு சொல்லிக்கிட்டு ஓடைக்குள்ள வண்டியை விட்டுச் சேத்தை வாரி அடிச்சு வீடியோ எடுக்கற கூட்டம் வார இறுதியில எங்க மலைக்கும் வர ஆரம்பிச்சிருக்கு. அந்த ஓடைத் தண்ணியைத்தான் கீழே இருக்கறவங்க குடிக்கறாங்க. காப்புக்காட்டுக்குள்ள அனுமதியில்லாம நுழையறதே குத்தம். 1882ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டத்துலேர்ந்தே அப்படித்தான். கொடைக்கானல் பக்கம் 2013ல சரணாலயமே அறிவிச்சுட்டாங்க, 1972 வனவிலங்குச் சட்டமும் சேர்ந்துக்கும். நம்ம ஊர்ல வண்டி ஓட்டறதுக்குன்னு திறந்து வச்ச காட்டுப் பாதைன்னு பெருசா எதுவும் இல்லை. சொந்த நிலம், தெரிஞ்சவங்க தோட்டம், இல்லேன்னா காசு கட்டி ஓட்டற தனியார் டிராக். இருக்கற ஒண்ணு ரெண்டும் ரோடா மாறிக்கிட்டு வருது. தனுஷ்கோடிக்கு மணல்ல வேன்ல குலுங்கிப் போனது ஞாபகம் இருக்கா? 2017ல அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு போட்டாச்சு, இப்போ எந்தக் காரும் போகும். அங்க இருக்கறவங்களுக்கு நல்லதுதான். எங்க மூணு கிலோமீட்டருக்கும் ரோடு வந்தா நான் முதல் ஆளா சந்தோஷப்படுவேன், ஜிம்னி வீணாப் போனாலும் பரவாயில்லை.

போன மாசம் வண்டி வந்துச்சு. மேனுவல் கியர்தான் எடுத்தேன். முதல் பயணத்துல அந்தத் திருப்பத்துல இறங்கி ஒரு தடவை நடந்து பார்த்துட்டுத்தான் ஓட்டினேன். அம்மா பின் கதவைத் திறந்து தானா ஏறி உக்காந்தாங்க. அப்பா ஒரு சுத்து சுத்தி வந்து பார்த்தார். "என்னடா, ஜீப்பு துவைச்சுச் சுருங்கின மாதிரி இருக்கு"ன்னார். அப்புறம் முன் சீட்டுல ஏறி, கைப்பிடியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துட்டு, சந்தைக்குப் போலாம்னார். தங்கமணிக்கு இன்னமும் ராக்ஸ் மேலதான் கண்ணு. பையன் என்கிட்டப் பேசறதில்லை, ரெண்டு வாரமாகுது.

இப்போ மண்டையைக் குடையறது டயர். கூட வந்த டயர் ஹைவேக்கு நல்லா இருக்கு, செம்மண்ணுல பத்தாது. ஏடி டயர் போட்டா சோழிங்கநல்லூர் வரைக்கும் தேனீக் கூட்டம் கூடவே வர்ற மாதிரி சத்தம் வரும்ங்கறாங்க, ஈர ரோட்டுல பிரேக் தூரமும் கொஞ்சம் கூடும்ங்கறாங்க. 195/80 ஆர்15 அளவுலயே, அகலத்தைக் கூட்டாம, ஏடி போட்டு ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. அக்டோபருக்குள்ள முடிவு பண்ணியாகணும்.